ரேவதிக்கு வந்த கடிதம்

1

ஜப்பானுக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த அதே வாரத்தில் எனக்கு ஒரு நீல ஜாக்கெட் கொடுத்தார்கள். முதுகில் 'தன்னார்வலர்' என்று இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது. என் அளவுக்கு அது மிகப் பெரிது. அதைப் போட்டுப் படம் எடுத்து இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினேன்.

"இது யாரு சட்ட? தொரை கழட்டிக் குடுத்தாரா?" என்று அம்மா குரல் பதிவு அனுப்பினார். பின்னால் அப்பாவின் குரலும் கேட்டது. "அவ எதப் போட்டாலும் எடுப்பாத்தான் இருக்கும். நீ பேசாம இரு."

நான் டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலையில் பெரியவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், எத்தனை முறை இருமினார்கள் என்று ஜப்பானிய மொழியில் எழுதி வைக்க வேண்டும். அந்த இல்லத்தின் அறிவிப்புப் பலகையில்தான் நோட்டீசைப் பார்த்தேன். காது கேளாதவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி டோக்கியோவில் நடக்கிறது, உதவிக்கு ஆட்கள் தேவை என்று இருந்தது.

விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகளைக் கேட்டிருந்தார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம், ஜப்பானிய மொழி என்று நான்கு பெட்டிகளையும் நிரப்பினேன். காது கேளாதவர்களோடு பழகிய அனுபவம் உண்டா என்று அடுத்த கேள்வி. "என் தங்கைக்குக் காது கேட்காது. சிறு வயதிலிருந்து அவளோடு பேசி வருகிறேன். சைகை நன்றாகத் தெரியும்" என்று எழுதினேன்.

எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா இன்றும் பெருவிரல்தான் வைக்கிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து நான்கு மொழிப் பெட்டிகளை நிரப்புகிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்போடுதான் மைதானத்துக்குப் போனேன்.

2

அமைதியான ஒரு கூட்டத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஒரு வகையான ஆஸ்பத்திரி அமைதி. எல்லோரும் கொஞ்சம் தலை குனிந்து, நாம் கை காட்டினால் நன்றியோடு சிரித்து, காட்டிய பக்கம் போவார்கள் என்று நினைத்தேன். என் தங்கை அப்படித்தான் இருப்பாள்.

வீரர்கள் உடலைச் சூடேற்றும் ஓடுபாதையின் வாசலில் எனக்கு வேலை. உள்ளே போய் முதல் பத்து நிமிடம் நான் வேலையே செய்யவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். பழைய கணக்கு ஏதோ இருந்திருக்க வேண்டும், ஒருத்தி விரல் மடக்கி மடக்கிக் குற்றம் சொன்னாள். ஒரு பயிற்சியாளர் ஓட்டக்காரனைத் திட்டினார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்காமல் இருக்க அவர்களுக்கு அது ஒரு வழி. ஓடுபாதையின் இந்தக் கரையில் நின்ற ஒருவர் எதிர்க்கரையில், பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்த நண்பருக்கு நீண்ட ஒரு கதை சொன்னார். கதை முடிந்ததும் அங்கே அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காது கேட்கிற நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவ்வளவு தூரம் போகாது.

இவர்கள் கதை சொல்கிறார்கள். புறம் பேசுகிறார்கள். போன வருடம் நடந்ததைச் சொல்லி இந்த வருடம் கோபப்படுகிறார்கள்.

என் தங்கை ரேவதியோடு நாங்கள் பேசும் சைகைகளை அன்று மத்தியானம் எண்ணிப் பார்த்தேன். சோறு, தண்ணீர், மழை, தூக்கம், கொழுந்து, வலி, அட்டை, பாம்பு, வா, போ. அம்மாவுக்கு மூக்குத்தி, அப்பாவுக்கு மீசை. நாற்பதைத் தாண்ட முடியவில்லை. நேற்று என்பதற்கு எங்களிடம் சைகை இல்லை. நாளைக்கும் இல்லை. இதைத்தான் "நன்றாகத் தெரியும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இலங்கை அணி சின்னது. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் சுஜீவா என்ற சிங்களப் பெண்மணி. அவருக்குக் காது கேட்கும், ஆனால் தாய் தகப்பன் இருவருக்கும் கேட்காது, அதனால் அவருக்குப் பேச்சுக்கு முன்பே சைகை வந்துவிட்டதாம். அவர் பக்கத்தில் கறுத்து ஒல்லியாக ஒரு ஓட்டக்காரி நின்றாள். நான் ஊர்ப் பாசத்தில் முன்னால் போய், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் காட்டுவது போல, வாயைப் பொத்திக் கையை விரித்து ஆட்டி, "நீங்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் காது கேளாதவர்களை அப்படித்தான் காட்டுவார்கள். வாயில்லாதவள் என்று அர்த்தம். ரேவதியைத் தோட்டம் முழுவதும் ஊமச்சி என்றுதான் கூப்பிடும்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைகள் வேகமாக ஓடின. சுஜீவா சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வாய்க்கு என்ன குறை, வாய் நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து பாருங்கள் என்கிறாள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தன்னார்வலர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் கற்ற நான்கைந்து சைகைகளைச் செய்து காட்டினேன். அவள் மறுபடி ஏதோ சொன்னாள்.

"உங்கள் கை இன்னும் தவழ்கிறதாம்" என்றார் சுஜீவா. "பரவாயில்லை, விழுந்து எழுந்தால் நடக்குமாம்."

அவள் பெயர் யோகேஸ்வரி. ஊர் வட்டகொடை. ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் இருவரும் தேயிலைத் தொழிலாளர்கள். வயது இருபத்திரண்டு.

ரேவதிக்கும் இருபத்திரண்டு.

3

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது, ரேவதிக்கு ஆறு. டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு வந்த ஒரு டாக்டர் அம்மா ரேவதியின் காதைச் சோதித்துவிட்டு, காது கேளாத பிள்ளைகளுக்கென்று மலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, தங்கிப் படிக்கலாம், நான் எழுதிப் போடுகிறேன் என்று சொன்னார். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மேலே அரசாங்க முத்திரை. முழுவதும் சிங்களம்.

அந்தக் காலத்தில் எங்கள் லயத்துக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் நான்தான் வாசிப்பேன். பத்து வீட்டு ஆட்களும் என்னிடம் வருவார்கள். வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர், "வாத்திச்சி சொல்லிருச்சு, அப்பறம் என்ன" என்பார். அந்தச் சொல்லுக்காகவே நான் வாசிப்பேன். சிங்களம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. எழுத்துகளைக் கூட்டுவேன். பொருள் தெரியாது.

அப்பா கடிதத்தை என் கையில் கொடுத்தார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"என்ன புள்ள போட்டுருக்கு?"

தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. நான் கடிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். அதுவரை எங்கள் லயத்துக்கு வந்த அரசாங்கக் கடிதம் எதுவும் சரி என்று சொன்னதில்லை. காணி கேட்டவர்களுக்கு இல்லை என்று வந்தது. அடையாள அட்டை கேட்டவர்களுக்கு ஆவணம் போதாது என்று வந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"எடம் இல்லையாம்ப்பா. வீட்டுலயே வச்சிப் பாத்துக்கச் சொல்றாங்க."

பக்கத்து வீட்டுக்காரர், "மஸ்கெலியா டவுன்ல சிங்களம் தெரிஞ்ச கடைக்கார மாத்தயாகிட்ட ஒரு தடவ காட்டிப் பாப்பமா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எம்புள்ள வாசிச்சிருச்சு. இன்னும் யாருகிட்டப் போயி காட்டணும்?"

அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரேவதி பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்கவில்லை. நான் உயர்தரம் வரை படித்தேன். கண்டியில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் சிங்களம் சரளமாக வந்தது. பிறகு ஜப்பானிய மொழி. அவள் பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அம்மா அவள் முதுகில் தட்டுவார், அவள் கை தூக்குவாள். மற்றப் பெண்கள் பேசிச் சிரிக்கும்போது இவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமல்.

4

போட்டியின் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு சுஜீவாவும் யோகேஸ்வரியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாலையில் யோகேஸ்வரிக்கு நானூறு மீட்டர் தகுதிச் சுற்று இருந்தது. அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வாய் நன்றாகத்தான் இருந்தது.

என் தங்கையைப் பற்றிக் கேட்டாள். எந்தப் பள்ளிக்கூடம்? யார் ஆசிரியர்? நான், "பள்ளிக்கூடம் போகவில்லை. விண்ணப்பித்தோம், இடம் இல்லை என்றார்கள்" என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் சொன்னேன்.

யோகேஸ்வரி சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தவள். ஆறு வயதில் சேர்ந்திருக்கிறாள். கணக்குப் போட்டால் அதே வருடம்.

"அந்த வருடம் எங்கள் விடுதியில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன" என்றாள். "மலையிலிருந்து வருவதாக இருந்த பிள்ளைகள் பலர் வரவில்லை. டீச்சர்மார் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்கள்."

"எங்களுக்குக் கடிதம் வந்ததே" என்றேன்.

"எங்களுக்கும் கடிதம்தான் வந்தது. சிங்களத்தில். எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த எழுத்தும் தெரியாது. அப்பா அதை வட்டகொடை ஸ்டேசனுக்குக் கொண்டு போய் ஸ்டேசன் மாஸ்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்துச் சொல்லி, எந்த ரயிலில் போக வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்."

அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் போய் எல்லாம் இனிப்பாகிவிடவில்லை என்றாள். அங்கே சிங்களம்தான். தமிழ் வாசிக்க அவளுக்குத் தெரியாது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் அம்மா கன்னத்தைத் தடவுவார், சோறு போடுவார், அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. ஒரு நாள் தங்கிவிட்டுத் திரும்பிவிடுவாள். "அவர்களுக்கு நான் விருந்தாளி" என்றாள். சுஜீவா அதை மெதுவாகச் சொன்னார்.

நான் பாதிதான் கவனித்தேன். எழுத்தே தெரியாத வீடு அது. அதனால் தெரிந்தவரைத் தேடிப் போனார்கள். எங்கள் வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தது.

ஜப்பானில் எனக்கு நகரசபையிலிருந்து கடிதம் வந்தால், பிரிக்காமலே எடுத்துப் போய் கூட வேலை செய்யும் பெண்ணிடம், "எனக்கு இது விளங்காது, வாசித்துச் சொல்லுங்கள்" என்பேன். மூன்று வருடமாகச் சொல்கிறேன். ஒரு நாளும் கூச்சமாக இருந்ததில்லை.

5

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை ஒன்பதரை. ஞாயிறு என்பதால் அம்மா வீட்டில் இருந்தார், அப்பா டவுனுக்குப் போயிருந்தார்.

"அம்மா, ரேவதிக்கு ஒரு கடிதம் வந்துச்சே, பள்ளிக்கூடத்துலருந்து. அது இருக்கா?"

"இல்லாம எங்க போவும்? முத்திர வச்ச காயிதத்த எறிவாங்களா?"

எங்கள் ஆட்கள் எறிய மாட்டார்கள். நாட்டில் இருக்க உரிமை உண்டா இல்லையா என்பதே காகிதத்தைப் பார்த்து முடிவான காலத்தைத் தாண்டி வந்தவர்கள். முத்திரை விழுந்த எதுவும் தகரப் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் மறுப்புக் கடிதத்தை இரண்டாம் முறை எடுத்து வாசிப்பவர் யார்? கண்டியிலிருந்து விடுமுறைக்குப் போனபோதெல்லாம் அந்தப் பெட்டியின் மேல்தான் என் பையை வைத்திருக்கிறேன்.

"படம் புடிச்சி அனுப்புங்கம்மா."

"இப்ப எதுக்கு அது?"

"அனுப்புங்க."

படம் வந்தது. மடிப்பில் கிழிந்து, ஓரம் பழுத்திருந்தது. பெரிதாக்கினேன். எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

உங்கள் மகள் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறார். ஜனவரியில் பள்ளி தொடங்கும் நாளில் அழைத்து வரவும். விடுதியும் சாப்பாடும் இலவசம். கொண்டுவர வேண்டியவை: வெள்ளை உடுப்பு இரண்டு, போர்வை ஒன்று, தட்டு ஒன்று, கோப்பை ஒன்று. கடைசியில் கையால் எழுதிய ஒரு வரி இருந்தது. பிள்ளை அழுதால் பயப்பட வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் முதல் வாரம் அழும்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மைதானத்தில் யாரோ வென்றிருக்க வேண்டும். வாசல் வழியே தெரிந்த பார்வையாளர் படிக்கட்டு முழுவதும் ஆயிரக்கணக்கான கைகள் மேலே எழுந்து இலை போல ஆடின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். எந்தச் சத்தமும் இல்லை. என் காதில் மட்டும் ஒரு இரைச்சல் இருந்தது.

அம்மா மறுபடி கூப்பிட்டார். "என்ன புள்ள, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

சொன்னேன். எடம் இல்லன்னு போடல்லம்மா. எடம் இருக்குன்னு போட்டுருக்கு. நாந்தான் வாசிக்கத் தெரியாம சொல்லிட்டேன்.

ரேவதி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் எதையும் சத்தமாகத்தான் வைப்பாள்.

"நீ சின்னப்புள்ள" என்றார் அம்மா. "பதினோரு வயசு. நாங்கதானே பெரியவங்க, நாங்க போயி விசாரிச்சிருக்கணும்."

"அம்மா..."

"இந்தா பாரு. அப்பாகிட்ட சொல்லிராத. ஒன் படிப்பத்தான் அந்த மனுசன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அது ஒண்ணுதான் அவருக்கு இருக்கு. ஊமச்சிக்கு... ரேவதிக்கு எதுவும் தெரியப்போறதில்ல. அவளுக்குத் தெரிஞ்சாத்தானே வலிக்கும்."

என் அம்மா ரேவதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.

6

மாலையில் யோகேஸ்வரி ஓடினாள். ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி இல்லை. ஒவ்வொரு வீராங்கனையின் முன்னாலும் தரையில் ஒரு விளக்கு. சிவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை விழுந்ததும் பாய்ந்தாள். ஐந்தாவதாக வந்தாள், அடுத்த சுற்று இல்லை. மூச்சிரைக்க வந்து, "ஊரில் ஏற்றத்தில் ஓடிப் பழகியவள், இங்கே தரை சமமாக இருந்ததால் கால் ஏமாந்துவிட்டது" என்றாள். சுஜீவா அவள் தலையில் துவாலையைப் போட்டார்.

நான் அவளிடம் கைபேசியைக் காட்டினேன். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். வாசித்தாள். கடைசி வரி வரை வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுஜீவாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன், அவர் கையால் அவளுக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை.

யோகேஸ்வரி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவளைக் கூப்பிடுங்கள். நான் பார்க்க வேண்டும்" என்றாள்.

"இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு கற்றுக்கொள்ள முடியுமா?" என்று சுஜீவாவிடம் கேட்டேன்.

"முடியும்" என்றார் அவர். "ஆறு வயதில் கற்றது போல இருக்காது. அதைப் பொய் சொல்ல மாட்டேன்."

வீடியோவில் அம்மா வந்தார். ரேவதியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கைபேசியை யோகேஸ்வரியிடம் நீட்டினேன். ரேவதியின் முகம் திரையை நிறைத்தது. யோகேஸ்வரி தன்னைக் காட்டி, காதைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். பிறகு இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளி, தோளுக்கு மேலே கூடையில் போட்டாள். ரேவதி பல் தெரியச் சிரித்து, அவளும் கிள்ளிப் போட்டாள்.

அதன் பிறகு யோகேஸ்வரி தன் மொழியில் பேசத் தொடங்கினாள். மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. ரயில், மலை, பள்ளிக்கூடம், கட்டில், டீச்சர். ரேவதிக்கு எதுவும் விளங்கியிருக்காது. ஆனால் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கைகளையே பார்த்தாள். கண் இமைக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. நடுவில் அவள் விரல் ஒன்று, யோகேஸ்வரியின் விரல் போன பக்கம் போய் நின்றது.

நான் திரைக்குள் எட்டிப் பார்த்தேன். ரேவதி என்னைக் கண்டதும் விரலை நீட்டினாள். யோகேஸ்வரியைக் காட்டினாள். யோகேஸ்வரியின் கைகளைக் காட்டினாள். தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்து, கொழுந்துக் கறை படிந்த அந்த உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். மறுபடியும் அதே வரிசையில் காட்டினாள்.

"என்ன கேக்குறா இவ?" என்று அம்மாவின் குரல் வந்தது. "ஒண்ணும் வெளங்கலையே." எனக்கு விளங்கியது.

"அப்பா வந்துட்டாராம்மா?"

"வந்துட்டாரு. வெளியில பேசிக்கிட்டு நிக்கிறாரு. வேணாம் புள்ள. நான் ஒனக்குச் சொன்னேன்ல."

"கூப்புடுங்கம்மா."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "என்ன வாத்திச்சி, போட்டியெல்லாம் எப்படி?" என்றார். நான் கடிதத்தை வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். போர்வை, தட்டு, கோப்பை எதையும் விடவில்லை. அன்றைக்கு எனக்கு வாசிக்கத் தெரியவில்லைப்பா, தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ரேவதியின் பக்கம் திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. கைகளை அப்படியே தூக்கிப் பிடித்தபடி, என் பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.